ஈரண்ணாவின் சாய்மானம்

தார்வாட்டிலிருந்து பெல்காம் வரைக்கும் எந்த அரசு ஆபீஸில் தேடினாலும் எங்கள் ஈரண்ணா உள்ளாகட்டியைப் போல உயரமான குமாஸ்தா கிடைக்கமாட்டார். அவர் எழுந்து நின்றால் மின்விசிறியை அணைத்துவிட்டுத்தான் மற்ற வேலை. மழை பெய்தால் எங்களையெல்லாம்விட ஒரு நொடி முன்னதாகவே நனைந்துவிடுவார். இதில் முக்கால்வாசி என் கைச்சரக்கு என்பதை ஒப்புக்கொள்கிறேன். மின்விசிறியை ஒரே ஒரு தடவைதான் அணைத்தோம், அதுவும் அது கழன்று ஆடியதால். ஆனால் ஆள் நெட்டை என்பதில் சந்தேகமே வேண்டாம். வாசல் நிலையில் அவர் நெற்றி பட்டுப் பட்டு ஓரிடத்தில் வார்னிஷ் போய்விட்டது. எண்ணெய்ப் பிசுக்கோடு அது இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

இப்படிப்பட்ட மனிதரை நாள் முழுக்க மடக்கி வைத்திருந்தது ஓர் இரும்பு நாற்காலி. பச்சை ஒயர் பின்னியது. அவருக்கு முன்னால் யார் யாரோ உட்கார்ந்து எழுந்ததில் நடுப்பகுதி கூடைபோலக் குழிந்திருந்தது. ஈரண்ணா அந்தக் குழிக்குள் இறங்கினால் முட்டி இரண்டும் மார்புக்கு வந்துவிடும். அவை மேஜைக்குக் கீழே நுழையாது. ஆகவே உடம்பை ஒரு பக்கம் திருப்பி, கால்களை அடுத்த மேஜைப் பக்கம் நீட்டி, கழுத்தை மட்டும் கம்ப்யூட்டர் பக்கம் திருகிக்கொண்டு வேலை பார்ப்பார். அடுத்த மேஜை என்னுடையது. அவருடைய கால்களைத் தாண்டாமல் நான் ஒருநாளும் என் இடத்துக்குப் போனதில்லை.

எங்கள் செக்ஷனில் நாற்காலி வைத்தியம் செய்துகொள்ளாதவர்கள் யாருமில்லை. ஷாந்தலா என்ற டைப்பிஸ்ட் பழைய டைரிகளை அடுக்கி அதன்மேல் காலை வைத்துக்கொள்வாள். பெரிய குமாஸ்தா ஹலகட்டி காற்றடைத்த ரப்பர் வளையத்தின் மேல் உட்காருவார். யாரையாவது திட்டிவிட்டு அவர் பட்டென்று உட்கார்ந்தால் வளையம் ஒரு சத்தம் போடும். திட்டின் மரியாதை அத்தோடு போய்விடும். ஈரண்ணா குழியை நிரப்பக் கோப்பு அட்டைகளைப் போட்டுப் பார்த்தார். மதியத்துக்குள் அவை ஒவ்வொன்றாக வழுக்கி வெளியே வந்தன. அவர் மனைவி நிங்கவ்வா பழைய இல்கல் புடவையைத் திணித்து ஒரு திண்டு தைத்துக் கொடுத்தாள். நாலு நாளில் அந்தத் திண்டும் குழியானது.

முதுகு வலிக்காத குமாஸ்தா யார் இருக்கிறார்கள், இதைப் போய் எழுதுவானேன் என்று தோன்றலாம். ஈரண்ணாவுக்கு ஆபீஸ் முடிந்த பிறகும் உட்கார வேண்டியிருந்தது. அவர் தபலா வாசிப்பவர். அமாவாசைக்கு அமாவாசை மடத்தில் பண்டித கரிபசய்யா பாடுவார், பக்கத்தில் ஈரண்ணா. பண்டிதர் பொல்லாதவர், எத்தனையோ தபலாக்காரர்களைப் பாதிப் பாட்டில் எழுப்பி அனுப்பியிருக்கிறார். ஈரண்ணாவை மட்டும் அவர் திரும்பிப் பார்ப்பதே இல்லை. அவரிடமிருந்து கிடைக்கக்கூடிய பாராட்டு அவ்வளவுதான். ஆபீஸில் ஈரண்ணா இருபது குமாஸ்தாக்களில் ஒருவர். மடத்திலோ ஜமக்காளத்தின் இடது மூலையில் வேறு யாராவது உட்காரப் போனால், அது ஈரண்ணாவின் இடம் என்று கூட்டிப் பெருக்குகிறவள்கூடச் சொல்லிவிடுவாள்.

ஒரு வைகாசி அமாவாசையன்று பாட்டு முடிந்தும் அவர் எழவில்லை. இடது கால் இடுப்பிலிருந்து கீழே மரத்துக் கிடந்தது. மூன்று பேர் சேர்ந்து தூக்கி நிறுத்தினார்கள். அடுத்த அமாவாசைக்குப் பாட்டுக்கு நடுவிலேயே முகம் வெளிறி, கை ஓரிடத்தில் தவறியது. பண்டிதர் திரும்பிப் பார்த்தார்.

அன்று ஈரண்ணா வீட்டுக்கு வந்து ரொட்டியைத் தொடவில்லை என்று நிங்கவ்வா சொன்னாள். தசராவன்று காலை மடத்தில் பெரிய கச்சேரி, ஊரே வரும். எதற்கும் இருக்கட்டும் என்று மடத்தார் ஹூப்ளியில் ஷிவானந்த் என்ற தபலாக்கார இளைஞனிடம் சொல்லி வைத்துவிட்டார்கள். அந்தக் காலைப் பொழுது முழுக்க அசையாமல் தரையில் உட்கார முடிந்தால் அந்த மூலை ஈரண்ணாவுக்கு, முடியாவிட்டால் ஷிவானந்துக்கு. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

உப்பு ஒத்தடம், நல்லெண்ணெய், கலகட்கியில் ஒருவர் முதுகில் ஏறி மிதிப்பது எல்லாம் ஆயிற்று. கடைசியில் ஹூப்ளிக்கு பஸ் ஏறி எலும்பு டாக்டரிடம் போனார். சின்ன வயசு, அக்ஷதா என்று பெயர். எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, ஆபீஸில் எப்படி உட்காருவீர்கள், காட்டுங்கள் என்றாளாம். ஈரண்ணா அங்கே கிடந்த ஸ்டூலில் மடங்கி, காலை ஒரு பக்கமும் கழுத்தை ஒரு பக்கமும் திருப்பிக் காட்டினார். டாக்டர் படத்தைக் கீழே வைத்தாள்.

"முதுகு மேல தப்பு இல்லைங்க," என்றாள் பிறகு. "அதைக் கொண்டுபோய் நீங்க வெச்சிருக்கிற இடம்தான் தப்பு."

இடுப்பும் முட்டியும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், பாதம் முழுக்கத் தரையில் பட வேண்டும், இடுப்பு வளைகிற இடத்தில் சாய்மானம் தாங்க வேண்டும், இவ்வளவு நீள முதுகுக்கு அந்தச் சாய்மானம் தலைவரைக்கும் போக வேண்டும் என்றாள். மேஜைக் காலுக்குக் கட்டை கொடுத்து உயர்த்துங்கள், கம்ப்யூட்டர் கண்ணுக்கு நேராக இருக்கட்டும், அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நில்லுங்கள் என்றாள். இப்படியெல்லாம் இருந்தால் தசராவுக்குள் தரையில் உட்காரலாம் என்றும் சொன்னாள்.

நாற்காலிக்கு எழுதிப் போட வேண்டும், எழுந்து நிற்பதற்கு யாரைக் கேட்க வேண்டும் என்று நினைத்து ஈரண்ணா முதலில் அதை ஆரம்பித்தார். எங்கள் ஆபீஸில் யாரும் சும்மா எழுந்து நிற்பதில்லை என்பதை அவர் மறந்துவிட்டார். ஒருவர் எழுந்தால் அதிகாரி இனாம்தார் சாஹேப் வருகிறார் என்று அர்த்தம். ஈரண்ணா எழுந்தார். அவரைப் பார்த்து ஷாந்தலா எழுந்தாள், ஷாந்தலாவைப் பார்த்து வரிசை முழுக்க எழுந்தது, கடைசியில் ஹலகட்டி ரப்பர் வளையம் ஒட்டிக்கொண்டு வர எழுந்தார். எல்லோரும் கதவைப் பார்த்தபடி நின்றோம். யாரும் வரவில்லை. முதலில் யார் உட்காருவது என்று தெரியாமல் இன்னும் கொஞ்சம் நின்றோம். அரை மணி கழித்து மறுபடியும். விஷயம் தெரிந்த பிறகாவது உட்கார்ந்திருந்தோமா என்றால் அதுவும் இல்லை. இந்தத் தடவை உண்மையிலேயே சாஹேப் வந்துவிட்டால் என்ன செய்வது? நாற்காலிகள் ஓயாமல் உரசும் சத்தத்தைக் கேட்டு, யாரோ மந்திரி வந்துவிட்டார் என்று இனாம்தார் சாஹேபே சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு அறையிலிருந்து வெளியே ஓடி வந்தார். அதற்கும் எழுந்து நின்றோம்.

இனாம்தார் குள்ளமான, அதிர்ந்து பேசாத மனிதர். நடந்ததைக் கேட்டுவிட்டு, நின்று சிரமப்பட வேண்டாம், டாக்டர் சொன்ன நாற்காலிக்கே எழுதுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். நிற்க வேண்டாம் என்று அவர் சொன்னதை ஹலகட்டி உத்தரவாக எடுத்துக்கொண்டார். நிற்பது அன்றோடு முடிந்தது.

நாற்காலி கணேச சதுர்த்தி கழித்து வந்தது. கறுப்பு. ஐந்து சக்கரம், ஏற்ற இறக்க ஒரு பிடி, வலைத்துணியில் நீளமான சாய்மானம், அதற்கும் மேலே தலைக்குத் தனியாக ஒரு மெத்தை. ஷாந்தலா குங்குமம் வைத்தாள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து உருட்டினார்கள். மேஜைக் கால்களுக்குக் கட்டை கொடுத்தார்கள். ஈரண்ணா மெதுவாக உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, கண்ணை மூடினார். அவர் முட்டி மேஜைக்குக் கீழே போவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். நடைபாதை காலியாகிவிட்டது. பழக்கதோஷத்தில் நான் இல்லாத கால்களைத் தாண்டிக்கொண்டு போனேன்.

இரண்டு வாரம் போயிருக்கும். நேற்று ஒரு மணி நேரம் தரையில் உட்கார்ந்து வாசித்தேன், நானாகவே எழுந்தேன் என்று ஈரண்ணா என்னிடம் சொன்னார். ரகசியம் போலச் சொன்னார், வெளியே தெரிந்தால் போய்விடுமோ என்பது போல. நிங்கவ்வா ஒரு தூக்கு நிறைய மண்டக்கிப் பொரியும் மிர்ச்சி பஜ்ஜியும் கொண்டுவந்து செக்ஷன் முழுக்கக் கொடுத்தாள். ஹலகட்டி மூன்று பஜ்ஜி தின்றார்.

வினை வாசல் பக்கமிருந்து வந்தது. மனு கொடுக்க வருகிற கிராமத்துக்காரர்கள் உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது அந்தச் சாய்மானம்தான். செருப்பைக் கழற்றிவிட்டு நேரே ஈரண்ணாவிடம் போய்க் கும்பிடுவார்கள். நான் இல்லை, சாஹேப் உள்ளே இருக்கிறார் என்று அவர் பதறி எழுந்தால், அந்த உயரத்தைப் பார்த்து இன்னும் குனிவார்கள். நவல்குந்திலிருந்து வந்த ஒரு பெரியவர் அவர் காலடியில் ஒரு கூடை கொய்யாப்பழம் வைத்துவிட்டுப் போய்விட்டார். இனாம்தார் சாஹேபின் நாற்காலியோ தோள் மட்டம்தான். வெள்ளைத் துண்டு போர்த்தியிருந்தாலும் பின்னாலிருந்து பார்த்தால் ஆள் இருப்பதே தெரியாது.

சாஹேப் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாததுதான் ஹலகட்டியின் தூக்கத்தைக் கெடுத்தது. மனதில் வைத்திருக்கிறார், வருஷக் கடைசி ரிப்போர்ட்டில் காட்டுவார் என்று கணக்குப் போட்டார். ஒருநாள் புது நாற்காலியை சாஹேப் அறைக்கே தள்ளிக்கொண்டு போய், நீங்கள் உட்காருங்கள் என்றார். சாஹேப் மரியாதைக்கு ஏறி உட்கார்ந்தார். எவ்வளவு இறக்கியும் அவர் கால் தரையில் படவில்லை. மெல்லக் கீழே குதித்து, இது உள்ளாகட்டிக்கு வாங்கினது, அவருக்கே இருக்கட்டும் என்று திருப்பி அனுப்பினார். அதுவும் மனதில் வைத்துக்கொண்டு சொன்னதுதான் என்றார் ஹலகட்டி.

சாஹேப் மீட்டிங்குக்காக பெங்களூர் போன அன்று தச்சர் மௌனேஷ் படிகேர் ரம்பத்தோடு வந்தார்.

"ஈரண்ணா, கொஞ்சம் எந்திரிங்க," என்றார் ஹலகட்டி. "சாய்மானத்துல நாலு விரல் குறைச்சுட்டா உங்களுக்கும் நிம்மதி, எல்லாருக்கும் நிம்மதி."

"டாக்டர் சொன்ன உயரம்ங்க அது. தசரா வரைக்குமாவது விடுங்க."

"டாக்டர் ஹூப்ளில இருக்காங்க. இங்க குப்பை கொட்ட வேண்டியது நீங்களும் நானும்தானே? உங்களுக்கு ஒண்ணு ஆயிடக் கூடாதுன்னுதான் சொல்றேன்."

ஹலகட்டி கெட்டவரில்லை. ஈரண்ணாவின் மகள் கல்யாணத்தில் பந்தி முழுக்க நின்று பரிமாறியவர். அவர் உண்மையாகவே பயந்துபோயிருந்தார், அதைப் பார்த்து எங்களுக்கும் பயம் வந்துவிட்டது. இது மரமில்லை, எனக்குப் பழக்கமில்லை என்று மௌனேஷ் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு ரம்பத்தைச் சாய்மானத்தில் வைத்தார். நாற்காலிக்குச் சக்கரம் இருந்ததால் அது ஓடிக்கொண்டே இருந்தது. ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம். ஈரண்ணாவும் ஒரு கையால் பிடித்தார்.

தலை மெத்தை போயிற்று. நாலு விரலும் போயிற்று. ஆனால் மேல் சட்டம் போனதும் இழுத்துக் கட்டியிருந்த வலைத்துணி தொளதொளவென்று சரிந்துவிட்டது. அதை இழுத்துக் கட்ட அடுத்த குறுக்குச் சட்டம் வரைக்கும் அறுக்க வேண்டியதாயிற்று. அந்தச் சட்டம் இடுப்புக்குச் சற்று மேலே இருந்தது. டாக்டர் விரல் வைத்து அமுக்கி இங்கேயா வலி என்று கேட்டதாக ஈரண்ணா எங்களுக்குக் காட்டிய அதே இடம்.

ஈரண்ணா உட்கார்ந்து பார்த்து, பரவாயில்லை என்றார். அறுத்த முனை குத்துவதைக் கண்டு ஹலகட்டிக்கு மனசு கேட்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் புதுத் துண்டு ஒன்று கொண்டுவந்து மடித்து அதன்மேல் போர்த்தினார். போர்த்திவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். நாங்களும் பார்த்தோம். கறுப்பு நாற்காலி, வெள்ளைத் துண்டு. இப்போதுதான் அது அசல் அதிகாரி நாற்காலியாகத் தெரிந்தது. ஹலகட்டி நடுங்கிப்போய்த் துண்டை உருவிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பிறகு அந்த முனையில் கோணிச் சாக்கைச் சுற்றிச் சணல் கட்டினோம்.

சாஹேப் திரும்பி வந்து அதைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"எனக்காகவா?" என்று கேட்டார்.

பிறகு அவரே, வேறு நாற்காலிக்கு எழுதலாம் என்றார். எழுதினால் பழையது என்ன ஆயிற்று என்று கேட்பார்கள், சர்க்கார் சொத்தை அறுத்தது யார் என்று கேட்பார்கள், நாற்காலி யார் பெயரில் இருக்கிறதோ அவர் தலையில்தான் விடியும் என்று ஹலகட்டி தரையைப் பார்த்தபடி சொன்னார். சாஹேப் அறைக்குள் போய்விட்டார். மறுநாள் அவர் நாற்காலியில் துண்டு இல்லை. அவரால் முடிந்தது அவ்வளவுதான். மதியத்துக்குள் யாரோ துவைத்த துண்டு ஒன்றை அங்கே போட்டுவிட்டார்கள்.

பழைய ஒயர் நாற்காலியைத்தான் கேட்டுப் பார்த்தார் ஈரண்ணா. அதை ஏலத்துக்கு அனுப்பியாயிற்று. குறுக்குச் சட்டம் படாமல் இருக்க நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார், உடம்பைத் திருப்பினார், கொஞ்சம் கொஞ்சமாகக் கால்கள் மறுபடி என் வழிக்கு வந்துவிட்டன. எப்படி இருக்கிறது என்று கேட்டால், தசரா போகட்டும் அக்கா, பார்த்துக்கலாம் என்பார்.

தசராவன்று காலை மடம் நிரம்பி வழிந்தது. ஈரண்ணா சலவை ஜிப்பாவில் வந்து தபலாவைச் சுருதி சேர்த்தார். ஷிவானந்தும் வந்திருந்தான். குனிந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் தூணோரம் போய் உட்கார்ந்தான். பாட்டு ஆரம்பித்தது. முதல் பகுதி முழுக்க ஒரு குறையில்லை. பிறகு ஈரண்ணாவின் கழுத்தில் வியர்வை ஓடியது. உதட்டைக் கடித்துக்கொண்டார். மடக்கியிருந்த இடது கால் துணிக்குள் தனியாக நடுங்க ஆரம்பித்தது. கை மட்டும் எப்படியோ போய்க்கொண்டிருந்தது.

பண்டிதர் பாட்டை நிறுத்தினார். தபலாக்காரரை எழுப்பி அனுப்ப அல்லாமல் வேறெதற்கும் அவர் நடுவில் நிறுத்தி அந்த மடத்தில் யாரும் பார்த்ததில்லை.

"ஒரு நாற்காலி கொண்டாங்கப்பா," என்றார். "ஈரண்ணா அதுல உக்காந்து வாசிக்கட்டும். தபலாவுக்கு ஒரு ஸ்டூல் போடுங்க. எனக்கு ஒண்ணும் இல்ல."

கொண்டுவந்தார்கள். மடத்தின் மடக்கு நாற்காலி, நல்ல சாய்மானம். இரண்டு பேர் தாங்க ஈரண்ணா எழுந்து நின்று அதைப் பார்த்தார். கீழே ஜமக்காளத்தில் பண்டிதர் உட்கார்ந்திருந்தார். நாற்காலியில் ஏறினால் ஈரண்ணாவின் முட்டி அவர் தோளுக்கு நேரே வரும்.

"உங்க தலைக்கு மேல உக்காந்தா கை ஓடாதுங்க."

"நான்தானே சொல்றேன்."

"நீங்க சொல்றீங்க பண்டித்ஜி. இந்தக் கைக்கு யார் சொல்றது?"

முன்வரிசையில் ஹலகட்டி இருந்தார். தலையைக் குனிந்து, சால்வையில் ஒரு நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார். பண்டிதர் இன்னும் ஒருமுறை நாற்காலியைக் காட்டினார். ஈரண்ணா கைகூப்பிவிட்டு, சுருதி சேர்க்கும் சுத்தியலை ஷிவானந்திடம் நீட்டினார். அவன் வாங்கவே மாட்டேன் என்றான். அவன் மடியில் வைத்துவிட்டு நகர்ந்தார்.

அதன்பிறகு கச்சேரி முடியும்வரைக்கும் ஈரண்ணா தூணில் சாய்ந்து நின்றபடி விரலால் தூணிலேயே தாளம் போட்டுக்கொண்டிருந்தார். ஷிவானந்த் தடுமாறிய இடங்களில் அந்தத் தூணைப் பார்த்துத்தான் பிடித்துக்கொண்டான். கல் தூண் அன்றைக்குப் பேசியது என்று தார்வாட்டில் இன்றைக்கும் சொல்வார்கள்.

இவ்வளவையும் எழுதி நிங்கவ்வாவுக்குப் படித்துக் காட்டினேன். கொத்தமல்லி ஆய்ந்துகொண்டே கேட்டவள் கடைசியில் முறத்தைக் கீழே வைத்தாள்.

"தூண்கிட்ட அவர் நிக்கவே இல்ல அக்கா. வெளியில செருப்பு விடற இடத்துல குப்புறப் படுத்துக் கிடந்தார், நான்தான் பக்கத்துல இருந்தேன். அந்தப் பையன் ஒரு இடத்துலகூடத் தடுமாறல. நல்லா வாசிக்கிறானான்னு என்கிட்ட கேட்டார். எனக்குத் தாளம் என்ன தெரியும்? நல்லாத்தான் இருக்குன்னு சொன்னேன். அதை எழுதுங்க."